‘ங்கா’ சொல்லும் பிள்ளைக்குப் பதில் சொல்லுங்கள்

பத்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் ஆச்சி என் அறைக்குள் வந்தார். பின்னாலேயே குழந்தையின் அம்மா, கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டுகள்.

“மூணு மாசத்துல என்னமா பேசுவான் தெரியுமா மேடம்? ங்கா, ஆங்கு, ஊங்குன்னு வீடே கலகலன்னு இருக்கும். இப்ப சத்தத்தையே காணோம். கண்ணு பட்டிருக்கும்னு சுத்திக்கூடப் போட்டோம்” என்றார் ஆச்சி. அம்மா மெதுவாகச் சொன்னார்: “இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாங்களாம். அதனால பொறுத்துப் பாக்கலாம்னாங்க.”

ஸ்பீச் தெரபிஸ்டாக 15 வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் சத்தம், அப்புறம் மௌனம் என்ற இந்த வரிசையைக் கேட்டாலே எனக்கு மனசு பதறும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தையும் மூன்றாம் மாதத்தில் ‘ங்கா’ சொல்லும். பெற்றோரிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். அந்த ‘ங்கா’வைக் கேட்டுவிட்டுத்தான் ‘பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை’ என்று அவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

பிறந்து ஆறேழு வாரத்தில் இந்த ஒலிகள் தொடங்கும். பச்சிளம் குழந்தையின் வாய் சின்னது, நாக்கோ அதை நிறைத்துக் கிடக்கும். மல்லாக்கப் படுத்திருக்கும்போது நாக்கு பின்னால் சரிந்து அண்ணத்தின் பின்பகுதியைத் தொடும். அந்த நேரத்தில் குரல் வந்தால் ‘க’வும் ‘ங’வும்தான் பிறக்கும். நாம் பேசும் தமிழில் ‘ங’வில் தொடங்கும் சொல் ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் நம் பிள்ளைகள் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். வயிறு நிறைந்து, முகம் பார்த்து, சுகமாக இருக்கும்போது வருகிற ஒலி அது. உடம்பே அதைத் தருகிறது, காதின் உதவி அதற்குப் பெரிதாகத் தேவையில்லை.

நான்காம் மாதத்துக்கு மேல் குழந்தை தன் குரலை வைத்தே விளையாட ஆரம்பிக்கும். கீச்சென்று கத்தும், உறுமும், எச்சில் தெறிக்க ‘ப்ர்ர்ர்’ என்று ஊதும். எங்கள் ஊரில் இதைப் பார்த்தால் மழை வரப்போகிறது என்பார்கள். மழை வருகிறதோ இல்லையோ, உதடு பேச்சுக்குத் தயாராகிறது.

அசல் திருப்பம் 6 முதல் 10 மாதத்துக்குள் வரும். ‘பபபப’, ‘மமமம’, ‘ததததா’ என்று மெய்யும் உயிரும் சேர்ந்து, ஒரே அசை திரும்பத் திரும்ப வரும். கிட்டத்தட்ட அதே வாரங்களில்தான் குழந்தை கிலுகிலுப்பையைத் தாளமாக ஆட்டும், கரண்டியால் தரையைத் தட்டும். கைக்கு வந்த தாளம் தாடைக்கும் வருகிறது. ‘ங்கா’வைப் போல இதை உடம்பு மட்டும் தந்துவிடாது. நாம் பேசுவதைக் குழந்தை பல மாதம் கேட்டிருக்க வேண்டும். தான் போட்ட சத்தமும் தன் காதிலேயே விழ வேண்டும். விழுந்தால்தான் ‘இன்னொரு தடவை’ என்று தோன்றும். அமெரிக்க ஆய்வாளர்கள் கிம்பரோ ஓலரும் ரெபெக்கா ஐலர்ஸும் 1988-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அவர்கள் பார்த்த குழந்தைகளில் காது கேட்டவை எல்லாம் 10 மாதத்துக்குள் இந்த அசைகளுக்கு வந்துவிட்டன. கேட்காத குழந்தைகளுக்கு 11 மாதமோ அதற்கு மேலோ ஆனது.

ஆச்சியிடம் கேட்டேன், “பபப, மமம இந்த மாதிரி எதுவும் வந்துச்சா?” யோசித்தார். “இல்லம்மா. ஆனா காது நல்லாக் கேக்கும். தட்டைத் தட்டினா திரும்புறானே.”

தட்டைத் தட்டிப் பார்ப்பதை தயவுசெய்து நம்பாதீர்கள். நம் நிழல் அசைவதையும், கையின் காற்றையும், தரையின் அதிர்வையும் குழந்தை உணர்ந்துவிடும். கனத்த சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டு, பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காத குழந்தைகளும் உண்டு. அவர்கள் பட்டாசுக்குத் திடுக்கிடுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள்.

பிளாஸ்டிக் பையில் இருந்த சீட்டுகளைப் பார்த்தேன். குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள். இதில் எந்த ஒன்று இருந்தாலும் காதைப் பார்த்தே ஆக வேண்டும். ஆறாம் மாதத்திலேயே அம்மாவுக்குச் சந்தேகம் வந்து ஒருவரிடம் கேட்டிருக்கிறார். ‘ரெண்டு வயசு வரைக்கும் பாருங்க’ என்று அனுப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் அழுதார். எனக்கு வந்தது கோபம். ஒரு மாதத்துக்குள் காது சோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் எங்கள் துறையின் கணக்கு. அந்தக் கணக்கில் இரண்டு வயது மிக மிகத் தாமதம்.

அந்தக் குழந்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். காது நன்றாக இருக்கும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்யலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான், குழந்தை சத்தம் போட்டவுடன் பதில் கொடுங்கள். 2003-இல் அமெரிக்காவில் மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் எட்டு மாதக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவின் அம்மாக்கள் குழந்தை ஒலி எழுப்பிய உடனே சிரித்து, அருகில் போய், தொட்டார்கள். இன்னொரு குழுவில் அதே சிரிப்பும் தொடுதலும் குழந்தையின் ஒலியோடு சம்பந்தமில்லாத நேரத்தில் கிடைத்தன. உடனே பதில் கிடைத்த குழந்தைகளின் மழலைதான் அங்கேயே, அப்போதே மேம்பட்டது. அன்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அது வந்த நேரம்தான் வேறு.

எதிரெதிரே முகம் பார்த்து உட்காருங்கள். குழந்தை ‘பபப’ என்றால் நீங்களும் ‘பபப’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தக் காத்திருப்புதான் பெரியவர்களுக்கு வருவதே இல்லை. ‘என்னடா செல்லம் வேணும், பால் வேணுமா, இந்தா பால்’ என்று கேள்வியும் பதிலும் நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். குழந்தை வாயைத் திறப்பதற்குள் பேச்சு முடிந்துபோகிறது. காலை நீட்டிப் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும் பாட்டிமார்கள் தெரியாமலேயே அருமையான பயிற்சியாளர்கள். ‘இந்தக் கை எங்கே, அந்தக் கால் எங்கே’ என்று தண்ணீர் ஊற்ற ஊற்ற ஒரு தாளத்தில் பேசுவார்கள். தினமும் அதே சொற்கள், அதே வரிசை. குக்கர் விசில் அடித்தால் ‘என்ன சத்தம் அது?’ என்று காதைத் தொட்டுக் காட்டுங்கள். அதுவே போதும்.

‘மம்மு’, ‘பாச்சி’, ‘பப்பு’, ‘காக்கா’, ‘டாட்டா’ என்று கொஞ்சிப் பேசலாமா, பேச்சு கெட்டுப்போகுமா என்று படித்த பெற்றோர் பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பேசுங்கள். குழந்தையின் ‘மமம’வையும் ‘பபப’வையும் எடுத்து நம் முன்னோர் பொருள் கொடுத்து வைத்த சொற்கள் அவை. ‘மம்மு சாப்பிடலாமா, சோறு சாப்பிடலாமா’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் பொதுவாக ஏழாம் மாதத்தைத் தாலப் பருவம் என்றும், ஒன்பதாம் மாதத்தைக் கைதட்டும் சப்பாணிப் பருவம் என்றும் வைத்தார்கள். தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால்தான் அது தாலாட்டு. இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் பிள்ளைகளை எவ்வளவு உன்னிப்பாகக் கவனித்திருக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

செல்போன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ‘ரைம்ஸ் போட்டால்தான் சாப்பிடுறான், பாட்டுக் கேட்டாப் பேச்சு வருமே’ என்கிறார்கள். பேட்ரிசியா கூல் என்ற ஆய்வாளர் 2003-இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். நேரில் ஆள் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது, அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. திரை குழந்தையின் ‘பபப’வுக்குப் பதில் சொல்லாது. இந்தியக் குழந்தை நல மருத்துவர் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு எப்போதாவது வீடியோ காலில் பேசலாம், அவர் பதில் சொல்வார்.

நாக்கு புரள வேண்டும் என்று தேன் தடவுவது இன்னும் நடக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். வசம்பை உரசி நாக்கில் வைப்பதாலும் பேச்சு வராது. நாக்கின் அடியில் சவ்வு ஒட்டியிருப்பதுதான் காரணம் என்று அதை வெட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அது பால் குடிப்பதைச் சிரமப்படுத்தலாம், சில ஒலிகளைத் தெளிவில்லாமல் ஆக்கலாம். மழலையே வராமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

10 மாதம் முடிந்தும் ‘பபப, மமம’ வரவில்லையா, பெயர் சொன்னால் திரும்பவில்லையா, வந்த மழலை நின்றுவிட்டதா, ஒரு வயதில் டாட்டா காட்டுவதோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லையா, காத்திருக்காதீர்கள். முதலில் காதைச் சோதியுங்கள். அது சரியாக இருந்தால் மற்ற வளர்ச்சியைப் பார்ப்போம். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. காது கேட்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., பெரா இரண்டும் வலியில்லாத சோதனைகள், குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். அதனால் வரும் வழியில் தூங்கவிடாமல் கூட்டி வந்து, இங்கே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

ஆச்சியின் பேரனுக்கு இரண்டு காதிலும் கடுமையான கேட்புக் குறை. பதினோராம் மாதத்தில் காது மெஷின் போட்டோம், அது போதவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், ஒலியை நேராகக் கேட்பு நரம்புக்கு அனுப்பும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியைப் பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. கருவியை இயக்கிய அன்று அவன் வீறிட்டு அழுதான். அதற்குப் பிறகு பல வாரம் எதுவும் இல்லை. ஆச்சி மட்டும் தினமும் குளிப்பாட்டி முடித்து, தலை துவட்டி, கருவியை மாட்டிவிட்டு அவனோடு பேசிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலையில் போன் வந்தது.

“மேடம், பப்பப்பாங்கிறான்!”

“நீங்க என்ன சொன்னீங்க ஆச்சி?”

“நானும் பப்பப்பான்னேன். என் வாயையே பாத்தான். சத்தியமா நீங்க சொன்ன மாதிரி பத்து வரைக்கும் எண்ணினேன். ஏழு எண்ணும்போதே திருப்பிச் சொல்லிட்டான்.”