ஷன்ட் வைத்த குழந்தை வீடு திரும்பிய பிறகு: அரசிடம் கேட்டுப் பெற வேண்டியவை

தலையில் நீர் கோத்த குழந்தைக்குச் சேலத்திலோ பெங்களூருவிலோ ஷன்ட் என்ற குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் அஞ்செட்டியிலும் தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையிலும் இருக்கும் குடும்பங்களுக்குச் சோதனை அதன்பிறகுதான் தொடங்குகிறது. மூளை நீரை வயிற்றுக்கு இறக்கும் அந்த மெல்லிய குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம். கிருமித் தொற்றும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வருகிறது. பஸ்ஸுக்கும் ஸ்கேனுக்கும் பணமில்லை என்று மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு வயது நிறையும்வரை, நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் மருந்து, பரிசோதனை, சிகிச்சை எல்லாம் இலவசம். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு, திரும்ப வீட்டுக்கு என வண்டியும் இலவசம். ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் தரும் உரிமை இது. இதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை எங்கே நடந்திருந்தாலும் இங்குள்ள அரசு மருத்துவமனையில் கேட்கலாம்.

குழாயை மாற்ற மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் செல்லுங்கள். ஆபத்து வந்த பிறகு அலைவதைவிட இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

பலர் கேட்காமல் விடுவது இன்னொன்று. 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கான ராஷ்டிரிய பால் ஸ்வாஸ்திய (தேசியக் குழந்தைகள் நல) திட்டத்தில், கழுத்து நிற்பது, உட்காருவது, பார்வை, செவித்திறன், பேச்சு ஆகியவற்றைப் பரிசோதித்துப் பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவில் விசாரியுங்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். தடுப்பூசிகளை நிறுத்த வேண்டாம். ஷன்ட் அதற்குத் தடையில்லை.

தலைச்சுற்றளவை ஒவ்வொரு முறையும் அளந்து தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதங்களில் மாதம் சுமார் 2 சென்டிமீட்டர் வளர்வது இயல்பு. அதைத் தாண்டி வேகமாகப் பெருத்தால் உடனே காட்டுங்கள்.

வாந்தி என்றதும் தொக்கம் எடுக்கவும் (உள்ளே சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்), ஓயாமல் அழுதால் உரம் எடுக்கவும் (பிசகு என்று குழந்தையை உருட்டி, நீவி விடுவது) தூக்கிக்கொண்டு ஓடுவது நம் பக்கத்து வழக்கம். பாட்டிமார்களின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் குழந்தைக்கு அது கூடவே கூடாது. உச்சிக்குழி புடைத்தல், விடாத வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், கருவிழி கீழே இறங்கி நிற்பது, வலிப்பு, காய்ச்சல், குழாய் ஓடும் வழியில் சிவப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். முதல் வார்த்தையிலேயே 'ஷன்ட் வைத்த குழந்தை' என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.