நரம்பு: யாழில் இருந்த சொல்

‘நரம்பில்லாத நாக்கு வரம்பில்லாமல் பேசும்’ என்பது பழமொழி. மூளையிலிருந்து நேரே கிளம்பும் 12 இணை நரம்புகளில் 5 இணைகளுக்கு நாக்கில் வேலை உண்டு: அசைக்க, சுவைக்க, சூடும் வலியும் உணர. அப்படியானால் பழமொழி பொய்யா? இல்லை. அது சொல்லும் நரம்பு வேறு. இழுத்துக் கட்டி நிறுத்துகிற நாண் அது.

ஞண்டு நண்டானதுபோல ஞரம்பு நரம்பாயிற்று. மலையாளத்தில் இன்றும் ஞரம்புதான். கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு. பழந்தமிழில் நரம்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது யாழில் கட்டிய நரம்பு. தொல்காப்பியம் இசை நூலையே ‘நரம்பின் மறை’ என்கிறது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் வரும் முதிய தாய்க்கு ‘நரம்பெழுந்து உலறிய’ தோள். அங்கே தோலுக்கு மேல் புடைத்து நிற்பது இரத்தக் குழாய். இலையில் ஓடும் கோடும் நரம்பே. மெலிந்து நீண்டு, புடைத்தோ முறுக்கேறியோ தெரிந்தால் போதும். உள்ளே என்ன ஓடுகிறது என்று இந்தச் சொல் கேட்டதில்லை.

கிரேக்கரின் ‘நியூரான்’ கதையும் இதுவே. தசைநாண், வில்லின் நாண் எல்லாம் அவர்களுக்கு நியூரான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்க மருத்துவர் ஹெரோஃபிலஸ் பிணங்களை அறுத்துப் பார்த்து, உணர்வைக் கடத்தும் இழைகளைத் தனியே பிரித்தறிந்தார். பொருள் பிரிந்தது, பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நரம்புச் செல்லுக்கு மட்டும் அந்தப் பெயரை ஜெர்மானிய உடற்கூறியலாளர் வால்டையர் வைத்தது 1891இல்தான்.

நம் பாடநூல்கள் இதை நன்றாகவே பிரித்துவிட்டன. தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோவது சிரை, உணர்வையும் கட்டளையையும் கடத்துவது நரம்பு. மொத்த அமைப்பு தமிழ்நாட்டில் நரம்பு மண்டலம், இலங்கையில் நரம்புத் தொகுதி. பேச்சு வழக்கு மட்டும் புறநானூற்றுக் காலத்திலேயே நிற்கிறது. ‘நரம்பு கிடைக்கல, கையை மடக்குங்க’ என்று ஊசி போடுபவர் தேடுவது சிரையை. அழுத்தினால் அமுங்கி, விட்டால் மறுபடி எழும் நீலக் கோடு அது. உண்மையான நரம்பு வெளிர்நிறம், அநேகமாக ஆழத்தில் கிடப்பது. முழங்கையின் உள்பக்க எலும்பு எதிலாவது இடித்துச் சுண்டுவிரல்வரை ‘சுரீர்’ என்று ஓடுகிறதே, அடிபட்டது நரம்பு. கையில் ஊசி ஏறும்போது அதே மின்னதிர்ச்சி விரல்நுனிக்குப் பாய்ந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். ஊசியை வெளியே எடுத்துவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். இடுப்பு ஊசியைப் பிட்டத்தை நான்காகப் பிரித்து அதன் மேல்-வெளிப் பகுதியில் போடுவதும் நடுவே இறங்கும் பெருநரம்பைத் தவிர்க்கத்தான்.

இனி ‘நெர்வஸ்’. லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்கு ‘நாண் முறுக்கேறிய, வலுவான’ என்று பொருள். ஆங்கிலத்திலும் திடமான எழுத்துநடையை நெர்வஸ் என்று புகழ்ந்ததுண்டு. நடுங்குபவரைக் குறிக்கும் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. தமிழில் பதறுகிறவன் நரம்பைப் பேசுவதில்லை, உடம்பில் நடப்பதைச் சொல்கிறான். அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும்: படபடப்பு. கை இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 8 முதல் 12 முறை அதிர்கிறது. அது பெரிதானால் உதறல். மேடை ஏறுமுன் வருவதைப் பதற்றம் என்றால் போதும். மாதக்கணக்கில் விடாமல் இருந்தால் மனப்பதற்றம். இலங்கையில் பதகளிப்பு என்கிறார்கள், அழகான சொல்.

‘நரம்புத் தளர்ச்சி’யைத்தான் தவிர்க்கச் சொல்வேன். 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் பரப்பிய ‘நியூரஸ்தீனியா’வின் (நரம்பு வலுவிழந்ததால் வரும் சோர்வு என்று கருதப்பட்டது) நிழல் அதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11ஆம் பதிப்பில் அதற்குத் தனி இடமில்லை. நம் சுவர் விளம்பரங்களில் இன்னும் இருக்கிறது. கை நடுக்கமா, கால் மரப்பா, சோர்வா என்று பிரித்துச் சொன்னால்தான் மருத்துவருக்கு வழி தெரியும். நடுக்கத்துக்குத் தைராய்டு மிகையாகச் சுரப்பது காரணமாகலாம், மரப்புக்குச் சர்க்கரை நோயோ பி12 குறைவோ.

விலங்குக்குப் பதற்றம் என்ற சொல் ஒட்டாது. மிரட்சி என்பதே பொருத்தம். ‘சாது மிரண்டால் காடு கொள்ளாது.’ மாட்டின் பார்வை ஏறக்குறைய 330 பாகை சுற்றுகிறது, ஆனால் நேர் பின்னால் குருடு. அதனால் ஓசையின்றிப் பின்னாலிருந்து வருபவனுக்கு உதை விழும். கறவை நேரத்தில் மிரண்டால் அட்ரினலின் மடியின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பாலை இறக்கும் ஆக்ஸிடோசின் மடிக்குச் சரியாகப் போய்ச் சேராது. அதட்டி அடித்தால் இன்னும் இறுகும். பக்கவாட்டில் நின்று குரல் கொடுத்து, தடவிக்கொடுத்து, அரைமணி கழித்து மறுபடி மடியைக் கழுவி உட்கார்ந்தால் பால் இறங்கும்.