கங்காணியும் கண்காணிப்பும்

அரசு வீட்டுக் கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை பிடிப்பதும் கணக்கு வைப்பதும் அரசு அமர்த்திய ஒரு தனியார் கம்பனி. அந்தக் கம்பனி ஒழுங்காக நடக்கிறதா என்று அரசு பார்ப்பதற்குப் பெயர் கண்காணிப்பு. இலங்கையின் மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு: தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி.

இரண்டுக்கும் வேர் கண்காணி, அதாவது கண்ணால் காண்பவர். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைப் பார்த்த அதிகாரிக்கு 'ஸ்ரீகாரியக் கண்காணி நாயகம்' என்று பெயர். 'கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்' என்று திருமூலர் பாடும்போது கண்காணி என்பது இறைவன். பேச்சுவழக்கில் அது கங்காணியாகி, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது.

தோட்டத்தில் அந்தக் கண் தொழிலாளி பக்கம் திரும்பியது. ஆள் திரட்டி வந்தவர், வேலை வாங்கியவர், கடன் கொடுத்தவர் எல்லாம் பெரிய கங்காணிதான். தமிழ்நாட்டு ஊரிலிருந்து வந்த வழிச்செலவிலேயே கடன் தொடங்கிவிடும். வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று தோட்டத்தை நடத்திய துரை எழுதித் தரும் காகிதம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அந்தக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்? துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. இதை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலர் கண்காணிப்புக்குப் பதிலாக மேற்பார்வை என்று எழுதுகிறார்கள். கம்பனியின் மனேஜர் தன் கிளாக்கரைப் பார்ப்பதற்கு அது சரி. கம்பனியையே வெளியிலிருந்து கணக்குக் கேட்பதற்குக் கண்காணிப்புத்தான் பொருத்தம். அரசுப் பக்கத்தில் இப்படி வெளியிலிருந்து கணக்குக் கேட்பவர்கள் கணக்காய்வாளர் நாயகமும், அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழுவும்.

தோட்டங்களில் வீட்டுக் கடனைச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் உண்டு. சம்பளச் சீட்டில் இந்த மாதம் பிடித்த தொகை மட்டும் இருந்தால் போதாது. அசலில் எவ்வளவு கழிந்தது, வட்டிக்கு எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். பிடித்த காசு கடன் கணக்கில் ஏறியதா என்று பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் கண்காணிப்பு என்ற சொல்லே வீண்.

அப்புறம், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசோடு ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை செய்யும் தனியார் நிறுவனத்தையும், அந்த வேலை அளவுக்கு, பொது அதிகாரசபையாகவே கொள்கிறது. அப்படியான கம்பனியிடம் அந்த வேலை பற்றிய தகவலை எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம்.