மலைக்குளிர் மறைக்கும் சூடு

நுவரெலியாவிலோ ஹட்டனிலோ கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களிடம் புரொசெசர் சூட்டைப் பற்றிக் கேட்டால், "இந்தக் குளிருக்குள்ள மெசின் எப்படிங்க சூடாகும்?" என்றுதான் பெரும்பாலும் திருப்பிக் கேட்பார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. குளிர்ந்த அறை புரொசெசருக்கு நல்லதுதான். ஆனால் தூசி அடைத்த ஹீட் சிங்கையும் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) அதற்கும் புரொசெசருக்கும் இடையில் காய்ந்துபோன வெப்பப் பசையையும் அதே குளிர் நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. அதனால் மலையகத்தில் இருப்பவர்கள் திரையில் தெரியும் பாகையை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அறையின் வெப்பநிலைக்கு மேலே புரொசெசர் எத்தனை பாகை ஏறியிருக்கிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

புரொசெசருக்குள் டிரான்சிஸ்டர் என்னும், மின்னோட்டத்துக்கான நுண்ணிய கதவுகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது துளி மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. அந்தச் சக்தி முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. வேகம் கூடினால் வெப்பமும் அதே அளவில் கூடும். மின்னழுத்தம் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இதைத் தவிர, மூடியிருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் கசியும். சூடு ஏற ஏற இந்தக் கசிவு அதிகரிக்கும், கசிவு அதிகரித்தால் சூடு இன்னும் ஏறும்.

சாதாரண புரொசெசர் ஒன்று கக்கும் 65 வாட் வெப்பம் பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதான். ஆனால் அந்த வெப்பம் பிறக்கும் சிலிக்கன் துண்டு பல மேசைக் கணினிகளில் 2 சதுர சென்ரிமீற்றரைக்கூட எட்டாது. 18 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 1500 வாட் மின்னடுப்பை எடுத்துக்கொண்டால், அதில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 6 வாட்தான் வருகிறது. புரொசெசரில் அது 30 வாட்டைத் தாண்டுகிறது. கறி கொதிக்கும் அடுப்பைப்போல ஐந்து மடங்கு செறிவு! இந்த வெப்பம் பசை வழியாக ஹீட் சிங்கின் உலோகத்துக்கும், அங்கிருந்து விசிறி தள்ளும் காற்றுக்கும் போக வேண்டும். பாதையில் ஒரு படி அடைத்தாலும் சிலிக்கனின் வெப்பநிலை உயர்ந்துவிடும்.

அந்த வெப்பநிலையைப் புரொசெசர் தானே அளந்துகொள்கிறது. டயோட் என்னும் சிறு சிலிக்கன் மின்னுறுப்பு ஒன்றில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஒவ்வொரு பாகை செல்சியஸ் சூட்டுக்கும் அதன் மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். இந்த இயல்பைக் கொண்டு செய்த உணரிகள் சிப்பின் பல இடங்களில் பதிந்திருக்கின்றன. இவை இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 2001இல் டொம்ஸ் ஹார்ட்வெயார் என்ற கணினி இணையதளக் குழுவினர் படம் பிடித்துக் காட்டினார்கள். ஓடிக்கொண்டிருந்த கணினிகளின் ஹீட் சிங்கைக் கழற்றினார்கள். ஏஎம்டியின் அத்லோன் புரொசெசர் சில விநாடிகளில் புகைந்து கருகியது. இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. இன்று எல்லாப் புரொசெசர்களிலும் அந்தப் பாதுகாப்பு உண்டு: வரம்பை எட்டினால் வேகம் குறையும், அதற்கும் மிஞ்சினால் கணினி தானாக அணைந்துவிடும். ஆகவே கருகிப்போகுமோ என்று அஞ்சத் தேவையில்லை. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வாங்கிய மெசின், காசு கொடுத்த வேகத்தில் ஓடாமல் மெல்ல மெல்லத் தளர்வதுதான் இன்றைய இழப்பு. அதைப் பலர் "மெசின் பழசாகிவிட்டது" என்று சொல்லி விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

பார்ப்பது எப்படி? விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் புரொசெசரின் வெப்பநிலையைக் காட்டுவதில்லை. கோர் டெம்ப், எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸில் சென்சர்ஸ் என்ற கட்டளை போதும். கணினியைத் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் திரையிலும் ஓர் எண் தெரியும். ஆனால் அங்கே மின்சேமிப்பு முறைகள் முழுதாக வேலை செய்வதில்லை என்பதால், சும்மா இருக்கும் கணினியும் கொஞ்சம் கூடுதலாகச் சூடு காட்டும். வேலைப் பளுவில் இருக்கும்போது என்ன ஆகிறது என்பதையோ அது சொல்லவே சொல்லாது.

மென்பொருள் ஒரே நேரத்தில் பத்து வகை வெப்பநிலையை வரிசையாகக் காட்டும். உங்களுக்கு வேண்டியது 'சிபியு பேக்கேஜ்' (சிபியு என்பது புரொசெசர்தான்) அல்லது 'கோர்' என்ற வரி. பாகங்களை இணைக்கும் பலகையான மதர்போர்டில் உணரியே பொருத்தாத இடத்துக்கும் ஏதோ ஓர் எண் வரலாம். அதில் 120 பாகை என்று பார்த்துப் பதற வேண்டாம். இன்டெல் புரொசெசரின் உணரி உண்மையில், உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை மீதம் என்றுதான் எண்ணுகிறது. வரம்பை நெருங்கும்போது அது நம்பகமானது, சும்மா இருக்கும்போது அவ்வளவு துல்லியம் இராது. கைமாறி வரும் பழைய மெசின்களில் இன்னொன்று: 2017இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் விசிறியைக் கட்டுப்படுத்துவதற்காக உண்மையைவிட 20 பாகை கூட்டிச் சொல்லும்.

இப்போது சோதனை. கணினி காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றை வைத்து அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோப்புகளைச் சுருக்கும் 7-ஸிப் மென்பொருளோடு வரும் வேகச் சோதனையையோ, நீளமான வீடியோ மாற்றம் ஒன்றையோ 20 நிமிடம் ஓட விடுங்கள். இவ்வளவு நேரம் வேண்டியதற்குக் காரணம் உண்டு. சிலிக்கன் ஒரு விநாடிக்குள் சூடேறிவிடும், ஹீட் சிங்கின் உலோகம் சூடேறி நிலைக்கு வர நிமிடக் கணக்கில் ஆகும். கடைசியில் எண் அசையாமல் நிற்கும்போது அதிலிருந்து அறை வெப்பநிலையைக் கழியுங்கள்.

நுவரெலியாவில் 15 பாகை அறையில் 78 பாகை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 பாகை வரம்புள்ள புரொசெசருக்கு 78 பயப்படும்படியான எண்ணே இல்லை. ஆனால் வித்தியாசம் 63 பாகை. வேலைக்கோ படிப்புக்கோ அந்த மெசினைக் கொழும்புக்குக் கொண்டுபோய் 31 பாகை அறையில் வைத்தால் 94ஐ நெருங்கிவிடும். கசிவு மின்னோட்டம் கூடுவதால் ஓரிரு பாகை ஏறலாம், கீழே காற்று அடர்த்தி கூடியது என்பதால் கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். மலையிலிருந்து இறக்கியதும் "கொழும்பு வெயிலுக்கு மெசின் தாங்கவில்லை" என்பார்கள். பழுது ஏற்கெனவே மலையிலேயே இருந்தது.

என் கணிப்பில், புரொசெசரின் பெட்டியோடு வந்த விசிறி பூட்டிய 65 வாட் மேசைக் கணினியில் முழுப் பளுவிலும் வித்தியாசம் 50 பாகைக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 60ஐத் தாண்டினால் திறந்து பார்க்க வேண்டும். மடிக்கணினிக்கு இந்தக் கணக்கு சரிவராது, அது முழுப் பளுவில் 90 பாகையைத் தொடுவது சாதாரணம். ரைசன் 7000 வரிசையின் உயர்ரகப் புரொசெசர்கள் முழுப் பளுவில் 95 பாகை வரை ஏறி அங்கேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. இவற்றில் வெப்பநிலையோடு கடிகார வேகத்தையும், அதாவது புரொசெசர் ஓடும் வேகத்தையும், பாருங்கள். வெப்பநிலை வரம்பில் ஒட்டிக்கொண்டு நிற்க, வேகம் தயாரிப்பாளர் குறித்த அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கினால் குளிரூட்டல் போதவில்லை.

உயரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கொழும்பைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதானது. விசிறி ஒரு சுற்றில் தள்ளும் காற்றின் கனவளவு மாறாது. அந்தக் கனவளவுக்குள் இருக்கும் காற்றின் நிறைதான் குறைவு. வெப்பத்தைச் சுமந்து போவது அந்த நிறைதான். எனவே மலையில் வித்தியாசம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அறை பத்துப் பாகைக்கும் மேல் குளிர்ந்திருப்பதால் மொத்தத்தில் லாபம் நமக்குத்தான், ஆனால் அந்தக் குளிர் முழுவதும் லாபமாகக் கைக்கு வருவதில்லை.

நம் வீடுகளின் உண்மையான எதிரி விறகடுப்புப் புகை. தோட்டத்து லயன் காம்பராவில் அடுப்படிக்கும் மேசைக்கும் நாலு எட்டுத்தான் இடைவெளி. மழைக்காலத்தில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியே கிடக்கும். புகைக்கரியில் இருக்கும் பிசுபிசுப்பு, தூசியையும் கம்பளி நாரையும் சேர்த்துப் பிடித்து ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே தடித்த படலமாகப் படிய வைக்கிறது. மேலே விசிறி சுத்தமாகத் தெரியும், படலம் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். மடிக்கணினியைக் குளிருக்குப் போர்த்திய கம்பளியின் மேல் வைத்துப் படம் பார்ப்பதும் நல்லதல்ல. அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அப்படியே மூடிப்போகும்.

சுத்தம் செய்ய மின்னிணைப்பைக் கழற்றி, விசிறியைத் தனியே எடுத்து, தகடுகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். இந்தப் பிசுக்கு ஊதினால் மட்டும் போகாது. ஊதும்போது விசிறியைச் சுழல விடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அதற்குப் பிறகும் குறையவில்லை என்றால்தான் பசையை மாற்ற வேண்டும். ஹீட் சிங்கின் உலோகமும் புரொசெசரின் மூடியும் பார்வைக்கு வழுவழுப்பாக இருந்தாலும் இடையில் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி, செம்பு அதைப்போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் கடத்தும். அந்தப் பள்ளங்களில் இருந்து காற்றை வெளியேற்றுவதுதான் பசையின் வேலை. ஆகவே சிறு துளி போதும், தடிப்பாகப் பூசினால் அதுவே தடையாகும்.

புரொசெசரைப் பொருத்தும் இடம் ஏஎம்4 சொக்கெட்டாக உள்ள ரைசன் மெசினாக இருந்தால், குளிர்ந்த காலையில் எடுத்தவுடன் ஹீட் சிங்கை இழுக்காதீர்கள். குளிரில் பசை இறுகியிருக்கும். புரொசெசர் ஹீட் சிங்கோடு ஒட்டிக்கொண்டு சொக்கெட்டிலிருந்து பிடுங்கி வரும், அடியில் உள்ள ஊசிகள் வளைந்துபோகும். கணினியைப் பத்து நிமிடம் நன்றாக வேலை செய்ய வைத்து, அணைத்து, மின்னிணைப்பைக் கழற்றி, பசை இளகியிருக்கும்போதே ஹீட் சிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள்.