மீன் வாடை வந்த பிளக் பாயிண்ட்

புரட்டாசி சனிக்கிழமை. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அந்த மாதம் முழுக்க அசைவம் வீட்டுக்குள் வராது. ஆனால் மத்தியானம் படுக்கையறையில் மீன் கவிச்சி அடித்தது. "ஜன்னலைச் சாத்துடா, காத்து இந்தப் பக்கம் திரும்பியிருக்கு" என்றார் அம்மா. சாத்தியதும் வாடை இன்னும் கூடியது. தேடிப் பார்த்தால், ஏசி சொருகியிருந்த பிளக் பாயிண்டிலிருந்து வருகிறது.

எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றிக் காட்டினார். ஒரு திருகின் அடியில் செம்புக் கம்பி கறுத்திருந்தது. அதன் மேலுறை விரல் பட்டதும் அப்பளம்போல நொறுங்கியது. நான்கு விரற்கடை தள்ளி அதே கம்பியின் உறை புதுசாக இருந்தது.

"லோடு ஜாஸ்தியா அண்ணா?"

"லோடு இல்ல சார், லூஸ் காண்டாக்ட். ஸ்க்ரூ தளந்திருக்கு."

"அப்ப எம்சிபி ஏன் விழல?" மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்சைத்தான் கேட்டேன்.

"அதுக்கு இது தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையில் இறங்கிவிட்டார். அந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால், கம்பி ஏன் சூடாகிறது என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

மின்சாரம் என்றதும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கிளம்பி, குழாய்த் தண்ணீர் மாதிரி நம் வீடுவரை ஓடிவரும் ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். அப்படி எதுவும் ஓடி வருவதில்லை. நம் வீட்டுச் செம்புக் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்து கிடக்கின்றன. மின்னழுத்தம் தள்ளும்போது அவை மொத்தமாக நகர்கின்றன. ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் எடுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த அளவு மின்னோட்டத்துக்கு எலெக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு 0.2 மில்லிமீட்டர்தான். எறும்பு அதைவிட எத்தனையோ மடங்கு வேகம். அதிலும் நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவதால், ஒவ்வொரு எலெக்ட்ரானும் இருந்த இடத்திலேயே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்துகொண்டிருக்கிறது. நம்மை வந்து சேர்வது அந்தத் தள்ளல் மட்டுமே. அது வருகிற வேகம்தான் ஒளியின் வேகத்துக்கு நெருங்கியது.

இந்த அசைவில் எலெக்ட்ரான்கள் உலோகத்தின் அதிரும் அணுக்களோடு இடறுகின்றன. பெற்ற ஆற்றலை அங்கேயே விட்டுவிடுகின்றன. அணுக்களின் அதிர்வு கூடுகிறது. அதைத்தான் நாம் சூடு என்று உணர்கிறோம். எவ்வளவு இடறல் என்பதன் அளவுதான் மின்தடை. ஜெர்மனியின் ஓம் 1827இல் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றுக்கும் உள்ள உறவை எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தின் ஜூல் ஒரு கம்பியைச் சுருளாகச் சுற்றித் தண்ணீருக்குள் வைத்து, தெர்மாமீட்டரால் அளந்து பார்த்தார். 1841இல் அவர் வெளியிட்ட முடிவு இது: சூடு மின்தடையைப் பொறுத்தது, மின்னோட்டத்தின் இருமடியையும் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

எனக்கு இதில் எப்போதும் வியப்பு தருவது வேறு. அயர்ன் பாக்ஸுக்குள் ஓடும் அதே 4.3 ஆம்பியர்தான் சுவருக்குள் இருக்கும் கம்பியிலும் ஓடுகிறது. துளிகூடக் குறைவில்லை. ஆனால் சுவர் சுடுவதில்லை. போக 10 மீட்டர், வர 10 மீட்டர் என்று கணக்கிட்டால் அந்தச் செம்புக் கம்பியின் மின்தடை கால் ஓம்கூட வராது. அதில் எழும் வெப்பம் சுமார் 4 வாட், அதுவும் 20 மீட்டர் நீளத்துக்குப் பரவிப் போய்விடுகிறது. அயர்ன் பாக்ஸுக்குள் இருக்கும் நிக்ரோம் காயிலின் மின்தடையோ 53 ஓம். செம்பைவிட அறுபது மடங்குக்கு மேல் தடுக்கும் உலோகக் கலவை அது. மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். செந்தணலாகக் காய்ந்தாலும் அதன்மேல் படியும் குரோமியம் ஆக்சைடு படலம், காற்று உள்ளே புகுந்து அரிக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆக, ஒரே மின்னோட்டம்தான். மின்தடை எங்கே இருக்கிறதோ அங்கே சூடு.

இப்போது அந்தத் தளர்ந்த திருகுக்கு வருவோம். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், நுணுகிப் பார்த்தால் சில மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. திருகு இறுக்கமாக இருந்தால் மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும். தளர்ந்தால் மின்னோட்டம் முழுவதும் ஓரிரு புள்ளிகளில் நெருக்கியடித்துப் போக வேண்டும். கடலோரத்து உப்புக் காற்று அங்கே படலம் வேறு கட்டுகிறது. அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வையுங்கள். ஒன்றரை டன் ஏசி எடுப்பது சுமார் 7 ஆம்பியர். ஏழேழு நாற்பத்தொன்பது, அதில் பாதி கிட்டத்தட்ட 25 வாட். ரிச்சி தெருவில் விற்கும் சிறிய சால்டரிங் அயர்னும் 25 வாட்தான். ஈயத்தை உருக்க அது போதும். அப்படி ஒன்றைச் சொருகி, பிளாஸ்டிக் போர்டுக்குள் மூடி வைத்ததற்குச் சமம் இது. சூட்டில் செம்பு மேலும் கறுக்கும், விரிந்து சுருங்கித் திருகு மேலும் தளரும், மின்தடை ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும்.

எம்சிபி? அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. மின்னோட்டம் அளவு மீறினால் அந்தப் பட்டை சூடாகி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஷார்ட் சர்க்யூட் என்றால் காந்தச் சுருள் ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். இரண்டுமே அதிக மின்னோட்டத்துக்குத்தான் அசையும். லூஸ் காண்டாக்ட்டில் மின்னோட்டம் கூடுவதே இல்லை. புதிதாகச் சேர்ந்த மின்தடையால் இம்மி குறையவும் கூடும். அதனால் போர்டு கருகிக்கொண்டிருந்தாலும், எம்சிபியின் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

அந்த மீன் வாடைக்கும் காரணம் உண்டு. ஸ்விட்ச் போர்டுகளில் பயன்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் சூட்டில் சிதையும்போது அமீன் வகை வாயுக்கள் வெளிவரும். மீன் நாறுவதும் அதே குடும்பத்து வாயுவால்தான்.

எலெக்ட்ரீஷியன் கருகிய நுனியை வெட்டியெறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை உறையைச் சீவி, புது சாக்கெட்டில் கம்பியைத் திருகினார். கையால் இழுத்துப் பார்த்தார், இன்னும் கால் சுற்று இறுக்கினார். இப்போதெல்லாம் ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கின் மேல்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் மறுபடி போடாமல் அவரைக் கூப்பிடுவேன்.