கேலிக்கு முறை உண்டு: சூடோ திட்டிய ஒரு சனிக்கிழமை

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சாயங்காலம் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரச் சம்பளம். ஐந்து மணிக்கே ஆபீஸ் வாசலில் ஆட்கள் கூட ஆரம்பித்துவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு சனிக்கிழமை, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நான் போட்டுக் கொடுத்திருந்த ஒரு கம்பெனியில் சம்பளச் சீட்டு பாதி அச்சாகி பிரின்டர் நின்றுவிட்டது. இப்படி நின்றால் மறுபடி கிளப்ப ஒரு கட்டளை வைத்து, அதை மட்டும் ஓட்ட அக்கவுன்ட்ஸ் பார்க்கும் பெண்ணுக்கு சூடோ என்ற கருவி வழியாக அனுமதி கொடுத்திருந்தேன். காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். பி.காம். முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அவசரத்தில் பாஸ்வேர்டு தப்பிவிட்டது. திரையில் ஒரு வரி வந்தது: "ஆர் யூ ஆன் டிரக்ஸ்?"

எனக்கு போன் வந்தபோது குரல் நடுங்கியது. "ஏனுங்கண்ணா, நீங்க அங்கிருந்தே பாத்துட்டு இருக்கறீங்களா? போதையில இருக்கறயான்னு கேக்குதுங்க. நான் அப்படிப்பட்டவளுங்களா?"

கம்பெனி கம்ப்யூட்டர் தன்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால், அதை முதலாளியோ மேனேஜரோ கேட்டதாகத்தானே எடுத்துக்கொள்ள முடியும்? பின்னால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே எண்பது பேர் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். நான் அவினாசியிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். "திங்கக்கெழம வருலீங்க" என்றார்.

அது எங்கிருந்து வந்தது என்று விளக்கினேன். சூடோ என்பது 1980 வாக்கில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பிறந்த சிறு கருவி. நிர்வாகி செய்ய வேண்டிய வேலையைக் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்க உதவும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அறைகளில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால் கிண்டலடிக்கும் 'இன்சல்ட்ஸ்' என்ற வசதி அதில் சேர்ந்தது. நீ அடித்ததைவிட நன்றாக பென்குவின் டைப் அடிக்கும் என்கிற மாதிரி வரிகள் பல. சூடோவை எழுதுபவர்கள் தரும் வடிவில் இது அணைந்தே இருக்கும், வேண்டுகிறவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அவற்றிலும் ரொம்பக் கடுமையான வரிகளைப் பிற்பாடு தனியாகப் பிரித்து, நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும்போதே (கம்பைல்) கேட்டு வாங்கினால்தான் வரும் என்று வைத்துவிட்டார்கள்.

நான் அந்தக் கம்பெனியில் போட்டிருந்தது தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து கட்டிய ஒரு சின்ன லினக்ஸ் வகை. பழைய மெஷினில் நன்றாக ஓடும் என்பதால் எடுத்தேன். அவர்கள் அந்த வசதியைப் போட்டே அனுப்பியிருந்தார்கள். எட்டு மெஷினில் ஏற்றிவிட்டு சூடோவின் செட்டிங்குகள் இருக்கும் சூடோவர்ஸ் கோப்பை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது என் தவறு. அந்தப் பெண்ணிடமும் முதலாளியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

குசும்புக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் நம்முடையது. ஆனால் நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கேலிக்கு முறை உண்டு. மாமன் மச்சானைக் கேலி பேசலாம், கொழுந்தியாவை வம்புக்கு இழுக்கலாம். பங்காளி வீட்டில் அதே பேச்சைப் பேசினால் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுவார்கள். ஆறு வயசுக் குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற ஊரில், அறிமுகமே இல்லாத ஒருவர் வாயிலிருந்து வருகிற கேலி வேறு மாதிரிதான் காதில் விழும். டிஃபால்ட் செட்டிங், அதாவது நாம் மாற்றாதவரை தானாகவே இருக்கும் அமைப்பு, அப்படிப்பட்ட அறிமுகமில்லாத ஆள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார், அவருக்கு இன்றைக்கு என்ன நாள் என்று அதற்குத் தெரியாது. ஒருவர் தானே தேடிப் போய்ப் போட்டுக்கொண்ட கிண்டல் மச்சான் முறை. டிஃபால்ட்டாக வருகிற கிண்டல் முறை தெரியாமல் பேசியது.

கிண்டலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆர்ச் லினக்ஸ் என்ற வகையில் மென்பொருள் நிறுவ உதவும் பேக்மேன் கருவியில் 'ஐ லவ் கேண்டி' என்று ஒரு செட்டிங் உண்டு. அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தால், பதிவிறக்கம் எவ்வளவு ஆயிற்று என்று காட்டும் கோடு பழைய வீடியோ கேம் பொம்மை மாதிரி புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும். என் லேப்டாப்பில் போட்டிருக்கிறேன், என் பையனுக்கு ரொம்பப் பிடிக்கும். சேர்க்காதவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டிசம்பர் கடைசியில் வீடியோ ஓட்டும் விஎல்சி பிளேயரின் கூம்புச் சின்னத்துக்கு வருகிற கிறிஸ்துமஸ் குல்லாவும் எனக்கு உறுத்தியதில்லை. அது யாரையும் ஒரு சொல் சொல்வதில்லை.

2018 டிசம்பர் 25 அன்று நடந்தது வேறு. ஆன்ட் டிசைன் என்பது இணையதளங்களுக்குப் பொத்தான், பட்டியல் எல்லாம் தயாராகக் கொடுக்கும் சீனத்துத் திறமூல நூலகம். தன்னார்வலர் கட்டியது இல்லை, பெரிய கம்பெனி ஒன்றின் ஆட்கள் உருவாக்கியது. ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அன்றைக்குக் காலையில் அதைப் பயன்படுத்திய பல தளங்களில் பொத்தான்களின் மேல் பனி படிந்திருந்தது, சுட்டியை மேலே கொண்டுபோனால் "ஹோ ஹோ ஹோ" என்று வந்தது. செப்டம்பரிலேயே நிரலில் வைத்துவிட்டார்கள், யாருக்கும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடவே கூடாது என்றிருந்த அலுவலகங்களின் தளங்களிலும் பனி கொட்டியது. வேலை போயிற்று என்று சிலர் எழுதினார்கள். நூலகத்தை உருவாக்கியவர்கள் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார்கள். ஆனால் அந்த ஒரு காலையில் மேலதிகாரி முன்னால் நின்று பதில் சொன்னவர், நூலகத்தை நம்பி எடுத்துப் போட்ட ஆள்தான். அவர் இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

இன்னொன்று நள்ளிரவுச் சங்கதி. லினக்ஸில் உதவிப் பக்கங்களைக் காட்டும் மேன் கட்டளை, இரவு 12.30 மணிக்கு ஒரு குறிப்பிட்ட விதத்தில் கூப்பிட்டால், பழைய பாப் பாட்டு ஒன்றின் சொற்களைப் பிழைச்செய்தியாக அச்சடிக்கும். 2011-ல் நண்பர் ஒருவர் சொன்னதற்காகச் சேர்த்தது. ஆறு வருடம் யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. 2017-ல் யாரோ ஒருவருடைய தானியங்கிச் சோதனை ஒன்று சரியாக அந்த நேரத்தில் தோற்றது. காரணம் தெரிந்ததும் பராமரிப்பாளரே எடுத்துவிட்டார்.

விளையாட்டே இல்லாத, நல்ல எண்ணத்தில் போட்ட டிஃபால்ட்டுக்கும் விலை உண்டு. பாஸ்வேர்டு அடிக்கும்போது சூடோ வழக்கமாக ஒன்றுமே காட்டாது. புதியவர்கள் தடுமாறுவது பாதி அதனால்தான். அதற்காக லினக்ஸ் மின்ட், எலிமென்டரி என்ற லினக்ஸ் வகைகள் அடிக்கும் எழுத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி தெரியும்படி டிஃபால்ட்டாகப் போட்டிருந்தன. 2020 ஜனவரியில், அந்த வசதி போட்டிருந்தால் மட்டும் பாதிக்கும் நினைவகம் சம்பந்தப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டை சூடோவில் இருப்பது வெளியே வந்தது. 1.8.31 பதிப்பில் அடைத்தார்கள். போட்டிருக்காதவர்கள் தப்பித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவே அந்தத் தன்னார்வலர் குழுவுக்கு ஒரு பிழை அறிக்கை எழுதினேன். கோபத்தில் எழுதினேன். காசு கொடுத்து வாங்கிய கடைக்காரனிடம் பேசுகிற தோரணை அதில் இருந்தது. ஒரே வரியில் பதில் சொல்லி மூடிவிட்டார்கள்: பிடிக்காவிட்டால் அணைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்து அவர்களில் ஒருவர் தனியாக எழுதியிருந்தார். பகலில் வேறு வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இதற்கு உட்காருகிறாராம். கல்லூரியில் முதன்முதல் லினக்ஸ் பழகியபோது அந்தத் திட்டு வரிகளைப் பார்த்துச் சிரித்ததுதான் இந்தப் பக்கம் தன்னை இழுத்தது, அதனால்தான் விட்டுவைத்தோம் என்றார். அவர்கள் கட்டியதை வைத்து அந்தக் கம்பெனி எட்டு மெஷினை இலவசமாக ஓட்டுகிறது, நானும் கூலி வாங்குகிறேன். அவருக்குக் கிடைப்பது அந்தச் சந்தோஷம் மட்டும். அதையும் நான் பிடுங்கப் பார்ப்பதாக அவருக்குப் பட்டிருக்கிறது.

மறுபடி எழுதினேன். இந்த முறை குற்றச்சாட்டு இல்லை. சம்பள நாள், வாசலில் நின்ற ஆட்கள், அந்தப் பெண் கேட்ட கேள்வி, அவ்வளவும் நடந்தபடி. கூடவே ஒரு சிறு திருத்தம்: நிறுவும்போது 'கிண்டல் வேண்டுமா' என்று ஒரு கட்டம், டிக் இல்லாமல். வரிகள் ஒன்றைக்கூட நீக்கச் சொல்லவில்லை. பதில் வரவில்லை. அடுத்த வெளியீட்டில் அந்தக் கட்டம் இருந்தது, டிக் இல்லாமல்.

உங்களில் யாராவது இந்த வேலை செய்கிறவர்களாக இருந்தால், மெஷினைக் கையில் கொடுக்கும் முன் நீங்களே பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாகப் போட்டுப் பாருங்கள். சூடோவர்ஸ் கோப்பிலும் அதன் பக்கத்தில் உள்ள சூடோவர்ஸ்.டி அடைவிலும் 'இன்சல்ட்ஸ்' என்று தேடுங்கள். திருத்துவதென்றால் அதற்கென்றே உள்ள வைசூடோ என்ற கட்டளை கொண்டே திருத்துங்கள், எழுதும் முறையில் பிழை இருந்தால் அது பிடித்துச் சொல்லும். ஸ்கிரீன்சேவரை ரேண்டமில் விடாதீர்கள். எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற தொகுப்பில் 'வெப்கொலாஜ்' என்று ஒன்று உண்டு, இணையத்திலிருந்து கண்ட படங்களை எடுத்து ஒட்டும். ஆபாசப் படம் வரலாம் என்று அதன் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. பள்ளிக்கூட லேப் என்றால் அதை முழுவதுமாக எடுத்துவிடுங்கள்.

அந்தப் பெண் திங்கட்கிழமை வந்தார். சூடோவில் 'பேட்பாஸ் மெசேஜ்' என்று ஒரு செட்டிங் இருப்பதை அவருக்குக் காட்டினேன். பாஸ்வேர்டு தப்பினால் என்ன சொல்ல வேண்டும் என்று நாமே எழுதிக்கொள்ளலாம். 'தவறான கடவுச்சொல்' என்று நான் அடித்தேன். "வேண்டாங்கண்ணா, அது பரிச்சப் பேப்பர் மாதிரி இருக்குதுங்க" என்று கீபோர்டை வாங்கி அவரே அடித்தார். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையில் கொம்பும் காலும் கொஞ்சம் விலகித்தான் தெரிகின்றன, ஆனால் படிக்க முடிகிறது. எட்டு மெஷினிலும் இன்றைக்கும் அதுதான் வருகிறது: "பாஸ்வேர்டு தப்புங்க, மெதுவா இன்னொருக்கா போடுங்க."