அட்டென்யுவேஷன்: ‘வீக்’ அல்ல, மெலிவு

“லைன் வீக்கா கீது சார்.”

குடியாத்தம், ஆற்காடு, சோளிங்கர் பக்கம் எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர்களில் தொலைபேசிக் கம்பி வழி பிராட்பேண்ட் விட்டு விட்டு வந்தால் கிடைக்கும் பதில் இதுதான். அந்த ‘வீக்’ இரண்டு வேறு கோளாறுகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது. ஒன்று கம்பியின் நீளத்தால் வருவது. எந்தக் கம்பத்தில் ஏறினாலும் தீராது. மற்றது ஈரம், துரு, மோட்டார் இவற்றால் வருவது. அரை நாள் வேலையில் தீரும். பிரவுசரில் மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்தால் (முகவரி பெரும்பாலும் 192.168.1.1) இரண்டும் தனித்தனி எண்ணாக நிற்கும்: லைன் அட்டென்யுவேஷன், எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி இணைப்பு நிற்க மிஞ்சியிருக்கும் இடம்). இங்கே எடுத்துக்கொண்டிருப்பது முதல் சொல்.

எக்ஸ்சேஞ்சில் புறப்பட்ட சைகை வீட்டு மோடத்துக்கு வந்து சேரும்போது எவ்வளவு சன்னமாகியிருக்கிறது என்பதன் அளவே அட்டென்யுவேஷன். ஏரி மதகு திறந்தால் முதல் கழனிக்குப் பாயும் தண்ணீர் கடைசிக் கழனிக்குப் பாயாது. நடுவில் யாரும் திருடவில்லை, கால்வாயே குடித்துவிட்டது. செம்புக் கம்பியும் அப்படித்தான்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டெனுயிஸ்’ என்றால் மெல்லிய. அதிலிருந்து ‘அட்டெனுவாரே’, மெல்லியதாக்குதல். வடமொழியின் ‘தனு’வும் இதே குடும்பம். அங்கே அதற்கு மெலிந்தது என்றும் உடல் என்றும் பொருள்.

இதை அளக்கும் டெசிபல் பிறந்ததும் தொலைபேசிக் கம்பியில்தான். அதற்கு முன் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் இழப்பை மைலில் சொன்னார்கள். ஒரு மைல் நீளமுள்ள நிலையான கேபிளில் பேச்சு எவ்வளவு குறைகிறதோ அது ஓர் அலகு. 1920களில் பெல் நிறுவனத்தார் அதைக் கைவிட்டு மடக்கைக் கணக்கில் புதிய அலகு வகுத்து, 1928இல் கிரகாம் பெல் பெயரால் டெசிபல் என்று அழைத்தார்கள். ஆக ‘55 டெசிபல்’ என்று மோடம் காட்டுவதில் தூரக் கணக்கின் வாசனை இன்னும் இருக்கிறது. 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 50 என்றால் லட்சத்தில் ஒன்று, 60 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று.

தமிழில் வலுவிழப்பு, நலிவு, தேய்வு, இழப்பு, மெலிவு என்று பலவாறு எழுதுகிறார்கள். தேய்வு என்றதும் செருப்பும் டயரும்தான் நினைவுக்கு வரும். தேய்வது பொருள், இங்கே கம்பி தேயவில்லை, அதில் ஓடும் சைகைதான் குறைகிறது. நலிவில் நோய் வாடை இருக்கிறது, மருந்து கொடுத்தால் சரியாகும் என்ற நம்பிக்கையைக் கிளப்பும். இழப்பை விட்டுவைப்பது நல்லது: பாக்கெட் (தகவல் துண்டு) இழப்புக்கு அது வேண்டும், அது முற்றிலும் தொலைந்துபோவது. வலுவிழப்பில் தப்பில்லை, ஆனால் ‘லைன் வலுவிழப்பு 55’ என்று போனில் சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

மெலிவு பொருந்துகிறது. லத்தீன் வேரின் பொருளும் அதுவே. தமிழில் அதற்கு ஏற்கெனவே இரண்டு வேலை உண்டு. செய்யுளில் ‘தட்டை’ என்ற சொல் ‘தண்டை’ ஆவது மெலித்தல்: வல்லின ‘ட்’, மெல்லின ‘ண்’ ஆகிறது, சொல் அதே சொல்தான். இசையில் மெலிவு, சமன், வலிவு என்பவை மூன்று தானங்கள் (ஸ்தாயிகள்). இரண்டிலும் மெலிந்தது அழியவில்லை. மெலிந்த சைகையும் அப்படித்தான், வருகிறது, ஆனால் சன்னமாக. பேச்சிலும் எளிது: ‘மெலிவு 55’, ‘மெலிவு ஏறிடுச்சு’.

பேச்சு தெளிவாகக் கேட்கிறது, நெட் மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மெலிவு எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒன்றல்ல. பேச்சுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் போதும். தொலைபேசிக் கம்பியில் நெட் அனுப்பும் முறையான ஏடிஎஸ்எல் அதற்கு மேலே, மோடம் பக்கம் இறங்கும் திசையில் 138 கிலோஹெர்ட்ஸ் முதல் 1104 வரை ஓடுகிறது. அதன் பிந்திய வடிவமான ஏடிஎஸ்எல் 2 பிளஸ் 2208 வரை போகும். 1 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் கம்பியின் உள்ளே போகாது. மேல்தோலில் சுமார் 0.07 மி.மீ. ஆழத்துக்குள்ளேயே ஓடுகிறது. அரை மி.மீ. கம்பி போட்டும் அதன் நடுப்பகுதி சும்மா கிடக்கிறது. அதனால் நீளம் கூடக் கூட முதலில் சாவது மேல் அதிர்வெண்கள். மோடம் 4.3125 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நூற்றுக்கணக்கான தனித்தனி ஓடைகளை வைத்திருக்கிறது. தூரத்து வீட்டில் கீழ்ப்பக்கத்து ஓடைகள் மட்டும் உயிரோடு இருக்கும், வேகம் அவற்றின் அளவுக்குத்தான்.

0.5 மி.மீ. கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம். 0.4 மி.மீ. என்றால் இன்னும் கூடும். 20க்குள் இருந்தால் கவலையில்லை. 40இல், அதாவது மூன்று கிலோமீட்டர் அளவில், 2 பிளஸ் இணைப்பு 8 எம்பி வரை தரும். 55ஐத் தாண்டினால் அதில் பாதியாவது கிடைத்தால் சந்தோஷம். 65க்கு மேல் ஒன்றிரண்டு எம்பியில் நிலையாக நின்றாலே பெரிது. சில பழைய மோடங்கள் 63.5க்கு மேல் காட்டவே காட்டாது. அந்த எண் தெரிந்தால் ‘அதற்கும் மேல்’ என்று படிக்க வேண்டும்.

கிலோமீட்டர் என்பது கேபிள் போன வழி, காக்கை பறக்கும் வழி அல்ல. குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றுக்கு அக்கரையில் வீடு இருந்து, எக்ஸ்சேஞ்ச் டவர் கண்ணெதிரே தெரிந்தாலும், கேபிள் பாலத்தைச் சுற்றித்தான் வந்திருக்கும். எம்டிஎஃப்பில் (எக்ஸ்சேஞ்சில் எல்லா லைன்களும் வந்து சேரும் சட்டம்) கிளம்பி, பிரைமரி கேபிளில் பில்லருக்கு (தெருவோரப் பெட்டி) வந்து, செகண்டரி கேபிளில் டிபிக்கு (கம்பத்துப் பெட்டி) போய், டிராப் வயரில் வீட்டுக்கு இறங்கி, ரோசெட்டில் (சுவரில் போன் மாட்டும் பெட்டி) முடிகிறது. இந்த மொத்த நீளமும் கணக்கு.

நீளத்தை அளக்க ஒரு வழி உண்டு. ஜோடியை எம்டிஎஃப்பில் கழற்றி, கேபிள் பக்கத்து இரு கம்பிகளையும் அங்கேயே ஒன்றாக முறுக்கச் சொல்லுங்கள். வீட்டு முனையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். கழற்றாமல் மீட்டர் வைக்கக் கூடாது. லைனில் எப்போதும் 48 வோல்ட் நிற்கும், மணி அடித்தால் 75 வோல்ட் ஏசி அளவுக்கு வரும். போய் வரும் இரு கம்பிக்கும் சேர்த்து 0.5 மி.மீ. என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம், 0.4 என்றால் சுமார் 275. நாலு கிலோமீட்டர் 0.5 கம்பிக்கு 700 வர வேண்டும். 1000 காட்டினால் மீதி 300 எங்கோ ஒரு ஜாயிண்டில் பச்சைப் பூத்து உட்கார்ந்திருக்கிறது. அது மெலிவல்ல, பழுது. ஜாயிண்டைத் திறந்து புதுசாகப் போட்டால் போய்விடும். சித்திரை வெயிலில் அளந்தால் கொஞ்சம் கூடத்தான் காட்டும்: 25 டிகிரி சூடேறினால் செம்பின் எதிர்ப்பு 10 சதவீதம் ஏறும். மேலே தொங்கும் வயர் நீளமாக இருக்கும் ஊர்களில், விளிம்பில் நிற்கும் இணைப்பு மதியம் விழுந்து மாலையில் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரைச்சலை அடையாளம் காண்பது சுலபம், அது கடிகாரம் பார்த்து வரும். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்து பம்புசெட்கள் ஓடும் நேரத்தில் மார்ஜின் 9இலிருந்து 4க்கு இறங்கி, மெலிவு எண் அசையாமல் இருந்தால் குற்றவாளி மோட்டார். மார்ஜின் 6க்குக் கீழே போனால் இணைப்பு ஆட்டம் காணும். அப்போது முறுக்கு இல்லாத தட்டை டிராப் வயரை முறுக்கு ஜோடியாக மாற்றுவதும், மின் கம்பத்தோடு ஒட்டிப் போவதைத் தள்ளிக் கட்டுவதும் பலன் தரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் விழுந்தால் டிபியிலோ ஜாயிண்டிலோ தண்ணீர்.

வீட்டுக்குள் முதல் வேலை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரோசெட்டில் மோடத்தை மட்டும் மாட்டிப் பார்ப்பது. மாடிக்கு இழுத்து, போன் எடுத்துவிட்ட பிறகும் தொங்கும் கிளைக் கம்பி எதிரொலி கிளப்பும். 200 மீட்டர் கிளை 250 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு குழி தோண்டும். தூரத்து வீட்டுக்கு உயிரோடிருக்கும் ஓடைகளே அந்தப் பக்கம்தான். பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஃபில்டர் ஒவ்வொரு போனுக்கும் வேண்டும், மோடத்துக்கு வேண்டாம். தலைகீழாக மாட்டியிருப்பதும் நடக்கும். பழைய நீள லைன்களில் பேச்சைத் தெளிவாக்க 1.8 கிலோமீட்டருக்கு ஒன்றாக லோடிங் காயில் (கம்பிச் சுருள்) போடுவது வழக்கம். அது 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் விடாது. அதைக் கழற்றாமல் ஏடிஎஸ்எல் பேச்சே இல்லை.

உண்மையான மெலிவோடு மிஞ்சுவது சமரசம்தான். மோடத்தில் 2 பிளஸை விட்டு ஜி.டிஎம்டி-யில் (முதல் ஏடிஎஸ்எல் முறை) வைத்துப் பாருங்கள். இரு முனையிலும் இருந்தால் அனெக்ஸ் எல் என்ற முறையையும் பாருங்கள், அது தூரத்துக்கென்றே வகுத்தது. எக்ஸ்சேஞ்சில் வேகத்தை 1 எம்பியில் கட்டச் சொன்னால் மார்ஜின் ஏறி நிலைக்கும். 2004 கொள்கைப்படி 256 கேபி கிடைத்தாலே அது பிராட்பேண்ட். 2013இல் 512 ஆனது, 2023இல் 2 எம்பி. அந்த வரையறை ஏற ஏற, 60 டெசிபல் வீடுகள் ஒவ்வொன்றாகப் பட்டியலை விட்டு வெளியே போயின. மெலிவைக் குறைக்க ஒரே வழி செம்பைக் குட்டையாக்குவது: டிஸ்லாமை (எக்ஸ்சேஞ்ச் முனையில் பிராட்பேண்ட் தரும் கருவி) ஊருக்குள் கொண்டுவருவது, அல்லது ஃபைபர்.

ஃபைபரிலும் மெலிவு உண்டு, 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபல். நாலு கிலோமீட்டருக்கு ஒன்றரைகூட வராது. 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒன்றே 17 டெசிபல் தின்னும், அதற்கும் இடம் விட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஃபைபர் மோடத்தின் உள்பக்கத்தில் ரிசீவ் பவர் என்ற எண்ணைப் பாருங்கள். மைனஸ் 27 டிபிஎம்முக்கு (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) கீழே போயிருந்தால், எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போடும் முன் சுவரில் ஆணிக்கு ஆணி மடக்கி அடித்த ஃபைபரைப் பாருங்கள்: சாதாரண ஃபைபரில் வளைவின் ஆரம் 30 மி.மீ.க்குக் குறைந்தால் ஒளி அந்த மூலையிலேயே கசிந்துவிடும்.